நாலாம் லயத்து சர்வர்

"என்ன வேலை பாக்குறே?" என்று யாராவது கேட்டால் பிரதீபாவுக்குக் கொட்டாவிதான் வரும். திமிர் ஒன்றுமில்லை, பதினாறு வருஷமாக அதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப் போனவள். கம்ப்யூட்டர் வேலை என்றால், பேங்கிலா என்பார்கள். இல்லை என்றால், அப்போ சர்டிபிகேட் எடுத்துக்கொடுக்கிற அக்ஷயா சென்டரிலா என்பார்கள். அதுவும் இல்லை என்றால், சரி, வீட்டில் சும்மாதான் இருக்கியா என்று அவர்களே முடித்துவிடுவார்கள். "ஆமா, சும்மாதான் இருக்கேன்" என்று இவளும் நடையைக் கட்டுவாள். சும்மா இருப்பவளுக்கு முப்பத்தெட்டு வயதில் கண்ணுக்குக் கீழே இப்படியா கறுத்துக் கிடக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

பிறந்தது, வளர்ந்தது, இப்போது மறுபடியும் வந்து விழுந்து கிடப்பது எல்லாம் ஒரே வீடு. சூரியநெல்லியில் ஜீப் ஏறி அரை மணி நேரம் குலுங்கினால் வருகிற எஸ்டேட்டில் நாலாம் லயம், மூன்றாம் நம்பர். ஒரே கூரை, பத்து வீடு, வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. முதல் வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து 'நூறு' என்று சத்தம் வரும். அப்பா அவள் பத்தாவது படிக்கையில் போய்ச் சேர்ந்தார். அம்மா ராமுத்தாய் கொழுந்து கிள்ளியே மகளை நெடுங்கண்டத்தில் பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். அங்கிருந்து கோயம்புத்தூர். ஜன்னல் இல்லாத சர்வர் அறையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பதினொரு வருஷம் ஷிப்ட் பார்த்தாள். மெஷின் நின்றால் திட்டு விழும், நிற்காமல் ஓடினால் நீ ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. இதுதான் அந்த வேலையின் லட்சணம். நடுவில் ஒரு கல்யாணம் நிச்சயம் வரைக்கும் போய் நின்றுபோனது. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை, நாமும் கிளற வேண்டாம்.

கொரோனா வந்தது, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், இவளும் வந்தாள். வந்து பார்த்தால் அம்மாவுக்கு முட்டி வீங்கிக் கிடக்கிறது. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு, கட்டப்பனைக்காரர் ஜோபி நடத்துகிற சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். அவரையும் சேர்த்து ஏழு பேர். ஆளுக்கொரு ஊரில், அவரவர் வீட்டிலேயே வேலை. தேயிலை ஃபேக்டரிகளில் கொழுந்து எடை பார்த்து ஆளுக்கு எவ்வளவு என்று பதிகிற புரோகிராமை எழுதி விற்கிறார்கள். பிரதீபாவை எடுத்தது ஒப்பந்தத்தில்தான், வருஷா வருஷம் புதுப்பிக்கிற கணக்கு.

ஏழு பேர் ஏழு ஊரில் உட்கார்ந்து எழுதினால் எழுதியதெல்லாம் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும் அல்லவா. அதற்கு இத்தனை நாளும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு இடம் பிடித்திருந்தார்கள். பெரிய ஃபேக்டரி ஒன்று, இனிமேல் புரோகிராம் உங்கள் சொந்த மெஷினில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டது. ஜோபி கொச்சியில் இடம் பார்க்கலாம் என்றார். பிரதீபா, "எங்க வீட்டுல வைக்கிறேன் சார், நானே பார்த்துக்கிறேன்" என்றாள்.

"லயத்துலயா? கரண்ட் போகும், ஆனை வரும். பிரதீபா, இது சரியாகுமோ?"

"இன்வெர்ட்டர் வச்சுக்கலாம் சார். நிக்காது. நான் பொறுப்பு."

ஜோபி கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதையும் சும்மா கொடுக்கிறவரும் இல்லை. வெளிநாட்டு இடத்தை பிப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மூடச் சொல்லியாகிவிட்டது, அதற்குள் எல்லாவற்றையும் இங்கே இறக்கி, ஓடவைத்துக் காட்டு, காட்டினால் ஏப்ரலில் உன்னை ஸ்திரம் ஆக்குகிறேன் என்றார். ஸ்திரம் என்றால் நிரந்தரம். எஸ்டேட்டில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது.

ஏன் அவ்வளவு அவசரமாகப் பொறுப்பு என்றாள் என்று கேட்டால், காரணம் ராமுத்தாயின் வயது. மார்ச் முப்பத்தொன்றோடு அவளுக்கு ரிட்டயர்மென்ட். லயத்து வீடு வேலைக்காரி பெயரில் இருப்பது. பெயர் மஸ்டர் பதிவேட்டிலிருந்து போனால் வீட்டுச் சாவியும் ஆபீசுக்குப் போய்விடும். "வீடு வேணும்னா மக பேரைக் கொழுந்துக்குக் கொடு" என்றார் சூப்ரவைசர். பதினாறு வருஷம் மெஷினுக்குக் காவல் இருந்த முதுகு கூடை தாங்குமா? சூரியநெல்லி ஜங்ஷனில் பேக்கரிக்கு மேலே இரண்டு அறை வீடு ஒன்றை பிரதீபா பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்காரர் கம்பெனி லெட்டர் கேட்டார், ஸ்திர வேலைக்கான லெட்டர். அது கிடைக்காவிட்டால் புளியங்குடியில் மாமா வீடு. ராமுத்தாய் பத்தொன்பது வயதில் அந்த ஊரை விட்டு மலையேறியவள். அங்கே அவளுக்கு இப்போது தெரிந்தது அண்ணன் வீடு ஒன்றுதான், அண்ணன் பெண்டாட்டியோடும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆக, சதீஷ் தன் ஜீப்பில் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். சதீஷ் கடைசி வீட்டுக்காரன், ரிசார்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஒரு பெரிய பெட்டி, அதுதான் சர்வர். பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டி, அவற்றுக்கு ரன்னர் என்று பெயர். மூன்றும் சேர்ந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தை அடைத்துக்கொண்டன. ராமுத்தாய் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இது என்னட்டி?"

"கொழுந்து கொண்டாந்து கொட்டுற கொட்டகைன்னு வச்சுக்கோம்மா. எல்லாரும் எழுதுனதைக் கொண்டாந்து இதுல கொட்டுவாங்க. சின்னது ரெண்டும் ஃபேக்டரி. கொட்டுன உடனே முத்தல் இருக்கா, காம்பு இருக்கான்னு பார்த்து, நல்லதுன்னா அரைக்கும். இல்லன்னா திருப்பி அனுப்பும்."

"எல்லாம் அதுவே செஞ்சுட்டா உனக்கு என்ன வேலை?"

"அது நிக்காம பார்த்துக்கறது."

"வாட்ச்மேன்னு சொல்லு" என்று ராமுத்தாய் அடுப்படிக்குப் போனாள்.

இன்வெர்ட்டர் வந்த நாளிலிருந்து லயத்தில் கரண்ட் போனால் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் நம்பருக்கு வருவார்கள். பிரதீபா தனியாக ஒரு நீளமான பிளக் போர்டு வாங்கிப் போட்டாள். சர்வர் போர்டின் மேல் மட்டும் 'தொடாதீங்க' என்று எழுதி ஒட்டினாள். யாரும் தொடவில்லை. குறைசொல்லக் கூடாது.

சுவருக்கு அந்தப் பக்கம், நாலாம் நம்பரில், சாந்தம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எழுபது வயது. மருமகள் பேரில் வேலை இருந்ததால் அந்த வீட்டுக்கு ஆபத்தில்லை. மகன் சுவக்கீன் மஸ்கட்டில் டிரைவர். "உன் பொட்டி ராப்பகலா இரையுதுட்டி, மனுஷி கண்ணை மூட முடியல" என்று முதல் வாரம் சுவரைத் தட்டித் தட்டித் திட்டினாள். மூன்றாவது வாரம் ஒருநாள் பிரதீபா எதையோ சரிபார்க்க அதை அரை மணி நேரம் நிறுத்தியபோதும் சுவரில் தட்டு விழுந்தது. "ஏன் நிப்பாட்டுனே? அது கேட்டாத்தான் ஆள் இருக்க மாதிரி இருக்கு" என்றாள் கிழவி. என்ன செய்தாலும் ஒரு குறை இருக்கும் போலிருக்கிறது என்று பிரதீபா சலித்துக்கொண்டாள்.

அந்தச் சாந்தம்மாள், ஆளைப் பார்த்து நேரம் பார்த்து, அந்தக் கடைசிச் சனிக்கிழமை விடியற்காலையில் செத்துப்போனாள்.

பிரதீபா ஏழு மணிக்கே ஜோபிக்கு போன் போட்டாள். பக்கத்து வீட்டில் மரணம், ஒரு நாள் தள்ள முடியுமா என்று கேட்டாள். தள்ள முடியாது, ஆறு மணிக்கு அந்த இடம் மூடிவிடும், ஆட்டோமேட்டிக் என்றார் ஜோபி. "சாரமில்ல, பரவாயில்ல. தொடங்கி விட்டா அது தன்னால ஓடிக்கோளும்ல?" என்றார். ஓடிக்கொள்ளும்தான். எட்டு மணிக்கு மற்ற ஆறு பேருக்கும் யாரும் எதையும் தொடாதீர்கள் என்று செய்தி அனுப்பினாள். அங்கே இருந்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டி இறக்கிக்கொள்ள பத்தரை ஆனது. மூட்டையைப் பிரித்துச் சர்வரில் ஏற்றுகிற வேலை பாக்கி. அதற்கு நாலு மணி நேரம். ஆளே வேண்டாம், தட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும். இரண்டரைக்கு முடிந்தால், ரன்னர்களை ஓட்டிப் பார்க்க இன்னும் மூன்றரை மணி நேரம் கையில் இருக்கும். ஒரு வாரமாகத் தூக்கமில்லாத மண்டையிலும் இந்தக் கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது.

பதினொரு மணிக்கு அம்மா வாசலில் வந்து நின்றாள். "சுவருக்கு அந்தாண்ட பொணம் கிடக்கு, இவ பொட்டியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. வந்து ஒரு மணி நேரம் இரு. நாலு பேரு என்ன நினைப்பாங்க."

போனாள். துஷ்டி வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தால் அழகில்லை என்று போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

பூப்பாறையிலிருந்து ஐஸ் பெட்டி வந்திருந்தது. சாந்தம்மாளை அதற்குள் கிடத்தி, கையில் ஜெபமாலை சுற்றி வைத்திருந்தார்கள். சுவக்கீன் மறுநாள் காலையில் கொச்சியில் இறங்கி, மத்தியானம் வந்து சேர்ந்த பிறகுதான் அடக்கம். பிரதீபா பெண்களோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் முதல்முறையாக ஒன்றும் செய்யாமல் உட்காருகிறாள். ஜெபம் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் சொக்கியது. இதற்கு வெட்கப்படக்கூடத் தெம்பில்லை.

ஃபேன் நின்றது. ட்யூப்லைட் அணைந்தது. யாரோ, கீழே ஆனை மரத்தைத் தள்ளிக் கம்பி அறுந்துவிட்டதாம் என்றார்கள். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். பிரதீபா சாய்ந்தபடியே இருந்தாள். ஐஸ் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பழகின சத்தம் மாதிரி இருந்தது, கேட்கக் கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது.

எத்தனை நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, அவளுக்கே தெரியாது. கரண்ட் இல்லாத லயத்தில் பெட்டி எப்படி ஓடுகிறது என்று மெதுவாகத்தான் உறைத்தது. கரண்ட் போனாலும் ஓடுவது இந்த லயத்தில் ஒன்றே ஒன்றுதான். எழுந்து, யாரையும் மிதிக்காமல் தாண்டி, வெளியே வந்தாள்.

மூன்றாம் நம்பர் கதவு எப்போதும்போலத் திறந்துதான் கிடந்தது. உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. மூன்று பெட்டிகளும் செத்துக் கிடந்தன. அவற்றின் பிளக்குகளைக் கழற்றி, தரையில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் வரிசையாக வைத்திருந்தது. 'தொடாதீங்க' என்ற போர்டிலிருந்து ஒரு கறுப்பு வயர் ஜன்னல் வழியாக நாலாம் நம்பருக்குப் போயிருந்தது.

சதீஷ் பின்னாலேயே வந்தான். "அக்கா, கரண்ட் போச்சு. ஐஸ் பெட்டி நின்னுட்டுன்னா பெரியம்மா நாளைக்கு வரைக்கும் தாங்காதுல்லா. சேர்த்துப் போட்டேன், இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்துச்சு. அதான் மத்ததைக் கழட்டிட்டேன். எதுவும் அடிபடாம பார்த்துத்தான் எடுத்து வச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, சதீஷ்."

"துஷ்டி வீட்டுல உட்கார்ந்திருக்க ஆளை கரண்ட் வேணும்னு எப்படிக்கா கூப்பிடுறது?"

அவன் சொன்னதும் சரிதான். லயத்தில் ஒரு சாவு என்றால் பத்து வீடும் ஒரு வீடு. பெஞ்சு, குடம், விறகு, பாய், எது எங்கே இருக்கிறதோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கேட்டுக்கொண்டு நின்றால்தான் தப்பு. அப்பா செத்த அன்று இந்த வீட்டுக்கு யார் வீட்டுக் குடமெல்லாம் வந்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பிரதீபா கறுப்பு வயரின் பிளக்கைப் பிடித்தாள். மணி பன்னிரண்டரை. பாதி ஏற்றுகையில் கரண்ட் பிடுங்கப்பட்ட சர்வர் என்ன நிலையில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலிலிருந்து ஏற்ற வேண்டும், மூட்டையே கெட்டிருந்தால் அந்த இடம் மூடுவதற்குள் மறுபடி இறக்கவும் வேண்டும். நாலு மணி நேரம். இப்போது தொடங்கினால் நாலரை, அப்போதும் ஆறுக்கு முன்னால்தான். "ஜெனரேட்டர்?" என்றாள். வாடகைக்கு இருப்பது ஒன்றுதான், அது ஒரு கல்யாண வீட்டில் இருக்கிறது, ஆறு மணிக்குத்தான் கிடைக்கும் என்றான் சதீஷ். கம்பியை நாளைக்குத்தான் கட்டுவார்களாம். பேட்டரி ஒன்றைத்தான் தாங்கும். ஒன்று ஐஸ் பெட்டி, இல்லாவிட்டால் சர்வர்.

மீன் கடையில் ஐஸ் வாங்கிவந்து பெட்டிக்குள் போட்டு நாலு மணி நேரத்தைத் தள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததுதான் தாமதம், தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை பிளக்கை விடவில்லை. மாமா வீடு, அத்தை முகம், ராமுத்தாயின் முட்டி எல்லாம் கண் முன்னால் வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இந்தப் பக்கத்து இரைச்சலைச் சாந்தம்மாள் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள் பிரதீபா. "ஜெனரேட்டர் வந்ததும் முதல்ல இதைக் கழட்டு."

வீட்டு நெட்டும் நின்றுபோயிருந்ததால், போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வளைவு வரைக்கும் நடந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, தாகம்தான் எடுத்தது. ஜோபியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"ஐஸ் பெட்டிக்கா?" என்றார் ஜோபி. "எனக்கு மனசிலாகுது பிரதீபா. என்னோட அம்மைக்கும் வயசாச்சு. ஆனா ஃபேக்டரிக்காரங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்? லயத்துல மரணம்னா சர்வர் நிக்கும்னா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சாரமில்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். "திங்கக்கிழமை ரிப்போர்ட் எழுதி அனுப்பு. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காம இருக்க என்ன செய்யப் போறே. மூணாவதை நல்லா யோசிச்சு எழுது. அதைப் பார்த்துட்டு ஏப்ரல் காரியம் பேசலாம்."

ஆறு மணிக்கு வெளிநாட்டு இடம் மூடியது. ஆறே காலுக்கு ஜெனரேட்டர் வந்தது.

மறுநாள் மத்தியானம் சுவக்கீன் வந்தான், அடக்கம் நடந்தது. எல்லாம் முடிந்து ஐஸ் பெட்டியை ஏற்றி அனுப்பிய பிறகு, அவனே அந்தக் கறுப்பு வயரைச் சுருட்டிக்கொண்டு மூன்றாம் நம்பருக்கு வந்தான். "யக்கா, அம்மா முகம் அப்படியே இருந்துச்சு" என்றான். பிரதீபா வயரை வாங்கி வைத்தாள்.

பேட்டரி ஐஸ் பெட்டிக்கே தீர்ந்திருந்தது, கரண்ட் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. மூட்டையில் பாதி கெட்டுப் போயிருந்தது. புரோகிராம் போகவில்லை, அது ஏழு பேர் கம்ப்யூட்டரிலும் முழுசாக ஒவ்வொரு நகல் இருந்தது, ஒவ்வொருவரையும் மறுபடி அனுப்பச் சொல்லி ஏற்றிக்கொண்டாள். ஐந்து வருஷமாக எந்த ஃபேக்டரியில் எந்தப் பிழை வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதிவைத்த குறிப்புகளில் முக்கால்வாசி போய்விட்டன. அது போனது போனதுதான். திங்கள்கிழமை பதினொரு மணிக்கு ரன்னர் இரண்டும் முதல் வேலையை வாங்கி, சரிபார்த்து, பச்சை காட்டின. பார்த்து மகிழ ஆளில்லை. அம்மா கொழுந்துக்குப் போயிருந்தாள்.

ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதினாள். என்ன நடந்தது என்பதற்கு நாலு வரி. ஏன் நடந்தது என்பதற்கு இரண்டு வரி. மூன்றாவதில் வந்து முட்டிக்கொண்டு நின்றாள். கதவைப் பூட்டிவைப்பேன் என்று எழுதலாம். லயத்தில் யார் கதவைப் பூட்டுகிறார்கள்? சாவு வீட்டுக்குப் பக்கத்தில் பூட்டின கதவு என்றால் அம்மா அதற்குப் பிறகு யார் முகத்தில் விழிப்பாள்? இனி யாரும் சாக மாட்டார்கள் என்று எழுத முடியாது. சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் உண்மையையே எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'மார்ச் 31-க்குப் பிறகு சர்வர் சூரியநெல்லி ஜங்ஷனில், பேக்கரிக்கு மேல் உள்ள வீட்டில் இருக்கும். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. கேட்காமல் யாரும் உள்ளே வர மாட்டார்கள்.'

ஐந்து நிமிஷத்தில் ஜோபியின் பதில் வந்தது. 'அது மதி, அது போதும். இதுதான் எனக்கு வேண்டியது. ஏப்ரல் ஒண்ணு முதல் நீ ஸ்திரம். லெட்டர் நாளைக்கு அனுப்பறேன்.'

சாயங்காலம் ராமுத்தாய் கூடையை இறக்கிவைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியில் தைலம் தேய்த்தாள். "ஜோபி சார் என்ன சொன்னார்?"

"ஸ்திரம் ஆக்கிட்டாரு. ஜங்ஷன் வீடு கிடைச்சுட்டும்மா."

ராமுத்தாய் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நல்லது" என்றாள். கொஞ்சம் கழித்து, "அங்க பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"பேக்கரிக்காரர். ஏழு மணிக்குப் பூட்டிட்டுப் போயிருவார்."

ராமுத்தாய் தைல பாட்டிலை மூடினாள். எழுந்திருக்கச் சுவரில் கை ஊன்றினாள், நாலாம் நம்பர் பக்கத்துச் சுவரில். ஊன்றிய கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, விளக்குப் போடப் போனாள்.